இரவுக் கடையில் தனியாக நிற்பவர் குண்டு துளைக்காத உடை வாங்கலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸில் நெடுஞ்சாலையோரக் கேஸ் ஸ்டேஷன் ஒன்றின் கடையில் இரவு ஷிப்டில் தனியாக நிற்கிறீர்கள். பக்கத்துக் கடையில் அண்மையில் துப்பாக்கியைக் காட்டிக் கொள்ளையடித்திருக்கிறார்கள். குண்டு துளைக்காத உடை ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளும்படி வீட்டில் வற்புறுத்துகிறார்கள். நண்பர்களோ இதென்ன சினிமாவா என்று சிரிக்கிறார்கள். சாதாரண ஆள் அதை வாங்கச் சட்டம் விடுமா, வாங்கினால் துணிக் கவசமா, இரும்புத் தகடு வைத்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். அதைப் போட்டுக்கொண்டால் வேலை முடிந்து பத்திரமாக வீடு திரும்ப முடியுமா என்பதைத்தான் நீங்கள் உண்மையில் அறிய விரும்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆகவே அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் இழைப்பொருள் பொறியியல் படித்தவன். இத்தகைய உடைகளைச் சுட்டுச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். துணி என்ன செய்யும், எங்கே கைவிடும் என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். நான் வழக்கறிஞனும் அல்லன், மருத்துவனும் அல்லன். சட்டத்தையும் காயங்களையும் பற்றிச் சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆபத்து எந்த இடத்தில், எந்த மணி நேரங்களில் வரக்கூடும் என்று தெரிந்து, அந்த நேரம் முழுவதும் அணிந்திருக்கத் தயாராகவும் இருக்கும் ஒருவர் மெல்லிய துணிக் கவசம் வாங்குவதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. நீங்கள் அப்படிப்பட்டவர். ஆனால் செலவழிக்க வேண்டிய முதல் டாலர் அதற்கு அல்ல. ‘எதற்கும் ஒன்று இருக்கட்டும்’ என்று வாங்கி அலமாரியில் வைக்க நினைக்கும் மற்றவர்களுக்கு என் பதில், வேண்டாம் என்பதே. நம்மைத் தாக்க வருகிறவன் உடை மாற்றிக்கொள்ள நேரம் தரமாட்டான்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் கூட்டரசுச் சட்டம் 2002 முதல், வன்முறைக் குற்றத்துக்காகப் பெருங்குற்றத் தண்டனை பெற்றவர்கள் கவச உடை வைத்திருப்பதைத் தடை செய்கிறது. டெக்சாஸ் தண்டனைச் சட்டம் பெருங்குற்றத் தண்டனை பெற்ற எவருக்கும் அதே தடையை விதிக்கிறது. இவற்றுக்குள் வராத வயதுவந்தவர் டெக்சாஸில் வாங்கலாம், அணியலாம். எல்லா மாநிலமும் இப்படியில்லை. நியூயார்க் 2022இல், குறிப்பிட்ட சில தொழில்களில் இருப்பவர்களைத் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்று சட்டமியற்றியது; கனெக்டிகட்டிலும் கட்டுப்பாடுகள் உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அனுமதிச் சீட்டு வேண்டும். ஆஸ்திரேலியாவின் பல மாநிலங்களில் அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றம். ஆகவே வேலை மாறி வேறு மாநிலம் போனால் மறுபடியும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நியூயார்க்கின் சட்டத்துக்குக் காரணம் 2022 மே 14 அன்று பஃபலோ நகரப் பேரங்காடி ஒன்றில் நடந்த படுகொலை. பத்துப் பேர் இறந்தார்கள். ஓய்வுபெற்ற காவலரான கடைப் பாதுகாவலர் கொலையாளியைத் திருப்பிச் சுட்டார். அவன் அணிந்திருந்த கவசத் தகட்டில் குண்டு நின்றுவிட்டது. அந்தப் பாதுகாவலரையும் அவன் கொன்றான். பொதுமக்கள் கையில் கவசம் கூடாது என்போரின் வலுவான வாதம் இந்த நிகழ்வுதான். அதை நான் தள்ளிவிடமாட்டேன். 1997இல் லாஸ் ஏஞ்சல்ஸின் வடக்கு ஹாலிவுட்டில் வங்கிக் கொள்ளையர் இருவர் கவசம் அணிந்து நின்று காவல்துறையோடு முக்கால் மணி நேரம் சண்டையிட்டதும் இதே வகை. ஆனால் இவற்றில் பேசப்படுவது ரைஃபிளோடு திட்டமிட்டு வருகிறவன் போட்டுக்கொள்ளும் சாதனம். நியூயார்க் முதலில் எழுதிய சட்டத்தின் வரையறை மென்மையான துணிக் கவசத்தைப் பிடித்தது. பஃபலோ கொலையாளி அணிந்த கெட்டித் தகட்டைப் பிடிக்கவில்லை. சில வாரங்களில் திருத்த வேண்டியதாயிற்று. சட்டைக்குள் துணிக் கவசம் அணிந்து கல்லாவில் நிற்கும் ஊழியரையும் இந்தக் கொலையாளிகளையும் ஒரே சட்டத்தில் அடைப்பது சரியான தீர்வு என்று எனக்குத் தோன்றவில்லை.

உண்மையில் இன்றைய காவலர்கள் சட்டைக்குள் அணியும் கவசத்தின் வரலாற்றில் உங்களைப் போன்ற ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. ரிச்சர்ட் டேவிஸ் என்பவர் டெட்ராய்ட்டில் பீட்சா கடை நடத்தினார். 1969இல் பீட்சா கொடுக்கப் போன இடத்தில் கொள்ளையர்களோடு நடந்த துப்பாக்கிச் சண்டையில் காயமடைந்ததாக அவரே சொன்னார். அதன் பிறகு நைலான் அடுக்குகளை வைத்துத் தைத்துப் பார்த்து, ‘செகண்ட் சான்ஸ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கி, தன் உடையைத் தானே அணிந்து தன்னையே சுட்டுக்காட்டி விற்றார். அதே காலத்தில், டூபான்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி குவாலெக் 1965இல் கண்டறிந்த கெவ்லர் இழையை அமெரிக்க நீதித்துறை காவலர்களுக்கான உடையாக்கிச் சோதித்தது. 1975 டிசம்பரில் சியாட்டிலில் கடைக் கொள்ளை ஒன்றில் சுடப்பட்ட காவலர் அந்தச் சோதனை உடையால் பிழைத்தார்.

இனி அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு வருகிறேன். கெவ்லர் போன்ற அரமிட் இழைகளையோ மிக உயர் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன் இழைகளையோ பல அடுக்காக வைத்து ஒரு பலகையாக்குகிறார்கள். ஈயக் குண்டு மோதும்போது முனை நசுங்கிக் காளான்போல் விரிகிறது. இழைகள் அந்த விசையைப் பக்கவாட்டில் இழுத்துப் பரப்புகின்றன. ஆய்வகத்தில் பலகையை ஒரு களிமண் கட்டியின்மேல் வாரால் கட்டிவிட்டுச் சுடுவோம். அந்தக் களிமண் சிற்பிகள் பயன்படுத்தும் எண்ணெய்க் களிமண். சூடாக்கினால் இளகும், ஆறினால் இறுகும். ஆகவே ஒவ்வொரு சோதனைக்கும் முன், ஒரு கிலோ எடையுள்ள எஃகு உருண்டையை இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து அதன்மேல் போட்டு, பள்ளம் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் வருகிறதா என்று பார்ப்போம். பிறகு சுட்டு, உடையை எடுத்தால், குண்டு துளைக்காத இடத்திலும் களிமண்ணில் கிண்ணம்போல் ஒரு குழி இருக்கும். அதன் ஆழம் 44 மில்லிமீட்டரைத் தாண்டினால், குண்டு நின்றிருந்தாலும் உடை தேறவில்லை என்று பொருள்.

அந்தக் குழி உங்கள் விலா எலும்பின்மேல் விழுந்ததாக நினைத்துப் பாருங்கள். கவசம் தடுத்தாலும் கன்றிப்போகும்; விலா முறியலாம்; அரிதாக உள்ளுறுப்பும் அடிபடலாம். அணிந்து சுடப்பட்டவர் எழுந்து நடமாடினாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். 44 என்ற அளவே 1970களில் ஆடுகளை வைத்து நடத்திய சோதனைகளிலிருந்து வந்தது. மனித உடலுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. நடைமுறையில் அது நன்றாகவே உழைத்திருக்கிறது என்று மட்டும் சொல்லலாம்.

அமெரிக்க நீதித்துறையின் தேசிய நீதி நிறுவனம், சுருக்கமாக என்.ஐ.ஜே., இந்த உடைகளுக்கான தரத்தை வகுக்கிறது. 2008இல் வந்த பதிப்பில் 2ஏ, 2, 3ஏ ஆகியவை கைத்துப்பாக்கிக்கானவை. 3, 4 ஆகியவை ரைஃபிளுக்கானவை. 2023 நவம்பரில் வெளியான புதிய பதிப்பில் கைத்துப்பாக்கிக்கு எச்.ஜி.1, எச்.ஜி.2 என்றும் ரைஃபிளுக்கு ஆர்.எஃப்.1 முதல் 3 வரையும் பெயர் மாற்றியிருக்கிறார்கள். எச்.ஜி.2 என்பது பழைய 3ஏ என்று வைத்துக்கொள்ளலாம். 3ஏ உடை நொடிக்கு 436 மீட்டர் வேகத்தில் வரும் .44 மேக்னம் என்ற கைத்துப்பாக்கிக் குண்டை நிறுத்த வேண்டும். நேட்டோ ரைஃபிள் குண்டு ஏறத்தாழ நொடிக்கு 847 மீட்டரில் வருகிறது, கூர்மையானது, மெலிந்தது, அதன் முன் 3ஏ துணி நிற்காது. பள்ளிப் பிள்ளைகளுக்கென்று விற்கப்படும் ‘குண்டு துளைக்காத’ புத்தகப்பைகளில் பல இந்தத் துணி ரகம்தான்; பெற்றோர் எந்த ரைஃபிளை நினைத்துப் பயந்து அதை வாங்குகிறார்களோ அதற்கு அது போதாது.

உங்கள் நிலையில் இது ஒரு வகையில் ஆறுதல். அமெரிக்காவில் நடக்கும் துப்பாக்கிக் கொலைகளில், ஆயுத வகை பதிவானவற்றுள் பெரும்பாலானவை கைத்துப்பாக்கியால் நடப்பவை. கடைக் கொள்ளைக்கு வருகிறவனும் இடுப்பில் செருகக்கூடியதைத்தான் கொண்டுவருவான். ஆகவே உங்களுக்குத் தகடு வேண்டாம். தகடுகளும் உறையும் சேர்ந்தால் எட்டுப் பத்துக் கிலோ வரும், வெளியே தெரியும், வாடிக்கையாளர் மிரளுவார், ஒரு வாரத்தில் கழற்றி வைத்துவிடுவீர்கள். அதிலும் இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் எஃகுத் தகடுகளைத் தொடவே வேண்டாம். எஃகில் மோதும் குண்டு சிதறி, அந்தத் துண்டுகள் தகட்டின் பரப்பை ஒட்டிப் பறந்து தாடை, கழுத்து, கை என்று கிடைத்த இடத்தில் பாயும். மேற்பூச்சு அதை ஓரளவு குறைக்கும், ஒழிக்காது. உங்களுக்கு ஏற்றது சட்டைக்குள் அணியும் 3ஏ அல்லது எச்.ஜி.2 துணிக் கவசம். இரண்டு மூன்று கிலோ இருக்கும்.

அதனால் ஆகாதவற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். அது நெஞ்சையும் வயிற்றின் பெரும்பகுதியையும் முதுகையும் மூடும். தலை, கழுத்து, அக்குள், தொடை எல்லாம் திறந்துதான் கிடக்கும். கல்லாவுக்குப் பின்னால் நிற்பவருக்குக் கவுன்டர் பாதி உடம்பை மறைப்பதால் எதிரே இருப்பவன் கண்ணில் படுவது மார்பும் முகமும்தான் என்பதையும் மறக்க வேண்டாம். கத்தி இன்னொரு விஷயம். குண்டைத் தடுக்கும் துணி கத்தியையும் தடுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். கூரான முனை இழைகளை விலக்கிக்கொண்டு இடையில் நுழைந்துவிடும். கத்திக் குத்துக்கு வேறு தரம், வேறு நெசவு, வேறு சோதனை. இரண்டையும் தாங்கும் உடை உண்டு. அது கனமாகவும் விறைப்பாகவும் விலை கூடியும் இருக்கும்.

உயிர் காக்கிறது என்பதற்கு என்ன சான்று என்று கேட்டால், உறுதியான சான்று காவல்துறையினரிடமிருந்துதான் கிடைத்திருக்கிறது. உடற்பகுதியில் சுடப்பட்ட அமெரிக்கக் காவலர்களை ஒப்பிட்டு 2010இல் வெளியான ஆய்வு ஒன்று, கவசம் அணியாதவர் இறக்கும் வாய்ப்பு அணிந்தவரைவிட மூன்று மடங்குக்கும் மேல் என்று கண்டது. இது கடை ஊழியருக்கு அப்படியே பொருந்துமா என்பது ஐயத்துக்குரியது. குண்டின்முன் துணி நடந்துகொள்ளும் விதம் யார் அணிந்தாலும் ஒன்றுதான். ஆனால் காவலர் ஆபத்தைத் தேடிப் போகிறவர், பயிற்சி பெற்றவர், உதவிக்கு ஆள் இருப்பவர். கவசம் அணிந்தவர் துணிச்சல் கூடி எதிர்த்து நிற்பார், அதனால் தீங்கே அதிகம் என்று சிலர் சொல்கிறார்கள். இதற்கு நல்ல சான்று நான் பார்த்ததில்லை. ஆனாலும் உங்களைப் பொறுத்தவரை ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்வேன். கேட்டால் கல்லாவைத் திறந்து கொடுத்துவிடுங்கள். உடை உள்ளே இருக்கிறது என்பதற்காக ஒரு வார்த்தைகூடக் கூடுதலாகப் பேசாதீர்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 48,800 பேர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், 26,000க்கும் அதிகமானோர், தற்கொலை செய்துகொண்டவர்கள். எந்தக் கவசமும் அங்கே உதவாது. தற்காப்புக்கென்று துப்பாக்கியும் வாங்கிவைத்திருக்கும் வீட்டில் அதைப் பூட்டி வைப்பது கவச உடையைவிட அதிக உயிரைக் காக்கும்.

உங்கள் முதல் டாலர் போக வேண்டிய இடம் கடைதான். ஃபுளோரிடா மாநிலத்தில் இரவு நேரச் சில்லறைக் கடைகளுக்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. நீங்கள் டெக்சாஸில் இருந்தாலும் அதைப் படித்துப் பாருங்கள். கல்லாவில் 50 டாலருக்கு மேல் இல்லை என்று வாசலில் எழுதி ஒட்ட வேண்டும். பணத்தை உள்ளே போட மட்டும் முடிகிற, ஊழியரால் திறக்க முடியாத பெட்டகம் வேண்டும். கேமரா, சத்தமில்லாத அபாய மணி, வெளிச்சமான வாகன நிறுத்தம் வேண்டும். வெளியிலிருந்து கல்லா தெரியும்படி கண்ணாடியில் விளம்பரங்கள் ஒட்டாமல் விட வேண்டும். ஏற்கெனவே கொள்ளையோ கொலையோ நடந்த கடை என்றால், இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை இரண்டு ஊழியர்களையோ காவலாளியையோ வைக்க வேண்டும், அல்லது ஊழியரைச் சுற்றிப் பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக்கால் தடுப்பு அமைக்க வேண்டும், அல்லது கதவைப் பூட்டிவிட்டு ஜன்னல் வழியாக வியாபாரம் செய்ய வேண்டும். அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவும் இரவு நேரக் கடைகளுக்கு ஏறத்தாழ இதே வழிகாட்டுதலைத் தருகிறது. அது கட்டாயமில்லை, ஆனால் அச்சடித்து முதலாளியின் மேசையில் வைக்கலாம். கவச உடை குண்டு பாய்ந்த பிறகு உதவுகிறது. பெட்டகமும் வெளிச்சமும் கொள்ளையன் வேறு கடை பார்க்கப் போக வைக்கின்றன. ஒருவேளை கவுன்டரில் தடுப்புக் கண்ணாடி போட முதலாளி ஒப்புக்கொண்டால் குண்டு தடுக்கும் கண்ணாடிகளுக்கான யு.எல். 752 தரச் சான்று உள்ளதா என்று கேளுங்கள். அது உங்கள் தலையையும் கழுத்தையும் சேர்த்து மறைக்கிறது, வியர்க்கவும் வைக்காது.

அதற்கடுத்து, ரத்தப்போக்கை நிறுத்தக் கை காலை இறுக்கிக் கட்டும் பட்டையான டூர்னிகே ஒன்று வாங்கி, ‘ஸ்டாப் தி பிளீட்’ என்ற ரத்தப்போக்கு முதலுதவிப் பயிற்சிக்குப் போய் வாருங்கள். கையிலோ தொடையிலோ குண்டு பட்டு ரத்தம் கொட்டினால் சில நிமிடங்களில் உயிர் போய்விடக்கூடும். அந்த இடங்களைக் கவசம் மூடுவதில்லை. பயிற்சி பல ஊர்களில் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ நடக்கிறது, ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு உடை வாங்குவது என்றால், பழையதை வாங்காதீர்கள். டேவிஸின் நிறுவனத்துக்கே நேர்ந்தது இதற்குக் காரணம். 1990களின் இறுதியில் சைலான் என்ற புதிய இழையில் மெல்லிய, இலகுவான உடைகள் வந்தன. செகண்ட் சான்ஸ் அவற்றை நிறைய விற்றது. வெப்பமும் ஈரமும் அந்த இழையை உள்ளுக்குள் நைந்துபோகச் செய்தன; வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. 2003இல் பென்சில்வேனியாவில் ஒரு காவலரின் உடையைக் குண்டு துளைத்தது. விசாரணைகள் நடந்தன, நிறுவனம் திவாலானது, 2005இல் என்.ஐ.ஜே. சைலான் உடைகளுக்குச் சான்றளிப்பதை நிறுத்தியது. அதன் பிறகு வந்த தரத்தில், சுடுவதற்கு முன் உடையை 65 டிகிரி வெப்பத்திலும் 80 விழுக்காடு ஈரப்பதத்திலும் பத்து நாள் உருட்டிப் புரட்டி எடுக்கச் சொன்னார்கள். அந்தப் பத்து நாளைக் கடந்து வரும் உடைகளுக்கும் பொதுவாக ஐந்தாண்டுதான் உத்தரவாதம். அரமிட் இழை ஆறாவது ஆண்டில் திடீரென்று செத்துவிடுவதில்லை. ஆனால் யார், எந்த வெயிலில், எப்படி வைத்திருந்தார் என்று தெரியாத உடையை நம்பி நான் நிற்கமாட்டேன்.

என்.ஐ.ஜே. தன் தளத்தில் வெளியிடும் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்று பாருங்கள். ‘என்.ஐ.ஜே. முறைப்படி சோதித்தது’ என்று விற்பவர் எழுதியிருப்பது சான்றிதழ் ஆகாது. ‘3+’ என்று ஒரு தரம் கிடையாது. அது விற்பனையாளர்கள் தாங்களே வைத்துக்கொண்ட பெயர். சட்டையைப்போல் எம், எல் என்று பார்த்து வாங்காமல் அளவெடுத்து வாங்குங்கள். நிற்கும்போது மேல் விளிம்பு கழுத்தடிக் குழிக்கு இரண்டு விரல் கீழேயும், கீழ் விளிம்பு பெல்ட்டுக்கு இரண்டு விரல் மேலேயும் இருக்க வேண்டும். உட்கார்ந்து பார்க்கும்போது அது தொண்டையை இடிக்கக் கூடாது. வெளியுறையை மட்டும் துவையுங்கள். உள்பலகையை ஈரத் துணியால் துடைத்தால் போதும், வாஷிங் மெஷினில் போட்டால் பாழ். கொக்கியில் தொங்கவிடாமல் படுக்கையாக வையுங்கள், காரின் டிக்கியில் வெயிலில் விடாதீர்கள். கடையில் ஏ.சி. இருந்தாலும் முதல் இரண்டு வாரம் எரிச்சலாக இருக்கும். உள்ளே வியர்வை உறிஞ்சும் பனியன் போட்டுக்கொள்ளுங்கள். அந்த இரண்டு வாரத்தைத் தாண்ட முடியாது என்று தோன்றினால் திருப்பிக் கொடுக்கும் வசதியுள்ள கடையில் வாங்குவது நல்லது, ஏனென்றால் சில நூறு டாலர் ஆகும்.

ஊருக்கு வரும்போது அதைப் பெட்டியில் போட்டு எடுத்துவந்துவிடாதீர்கள். கவச உடைகள் அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் வருபவை. விதிகளைப் பார்க்காமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோனால், அண்ணனுக்கோ தம்பிக்கோ பரிசாகக் கொடுப்பதற்கென்றாலும், விமான நிலையத்தில் பதில் சொல்ல வேண்டிவரும்.